சுகதேகியாக உட்கார்ந்த நாள்

சுகாதார நிர்வாகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு கோளாறு கடைசிவரை தீராது: தாங்கள் இல்லாமல் எந்தக் கூட்டமும் ஒழுங்காக நடக்காது என்ற நம்பிக்கை. எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

ஆகவே சில வருடங்களுக்கு முன், மாத்தளையில் ஒரு பயிற்சிக்கு உதவி செய்ய வரமுடியுமா என்று பழைய அலுவலகத்தில் கேட்டதும், கழுத்துப்பட்டி சகிதம் (யாரும் கட்டச் சொல்லவில்லை) முதல் ஆளாகப் போய் நின்றேன். சிறிய வைத்தியசாலைகளில் வேலை செய்யும் வைத்தியர்களுக்கு, நாட்பட்ட நுரையீரல் நோயை நேரத்தோடு கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி அது. இந்த நோய் உள்ளவர்கள் "வயசாச்சு, அதான் மூச்சு இளைக்குது" என்றுதான் வருவார்களாம். வைத்தியரும் அதை நம்பி இருமலுக்குப் பாணி மருந்து கொடுத்து அனுப்பிவிடுவாராம். இதைச் சொன்னவர் கண்டியிலிருந்து வந்திருந்த நெஞ்சு நோய் நிபுணர். அதிர்ந்து பேசாத பெண்மணி.

தேநீர் இடைவேளைக்குப் பிறகு அவர் ஒரு விளையாட்டு வைத்திருந்தார். முன்னால் இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் நோயாளி, மற்றவர் சுகதேகி. எவர் நோயாளி என்று வைத்தியர்கள் கேள்வி கேட்டும் பார்த்தும் மட்டுமே சொல்ல வேண்டும். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கக் கூடாது.

நோயாளியாக எல்கடுவத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பாக்கியம் வந்திருந்தார். தொழிலாளர் லயத்து அறையின் விறகடுப்புப் புகையிலேயே ஆயுள் முழுக்கச் சமைத்தவர். சுகதேகியாக வரவேண்டிய கிளார்க் காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டார்.

"நான் இருக்கிறேனே!" என்றேன்.

"சேர் சிகரட் குடிக்கிறதா?" என்று நிபுணர் கேட்டார்.

"விட்டுட்டேன் டொக்டர். அது எத்தனையோ அரசாங்கத்துக்கு முன்னால."

அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, சரி என்றார்.

தேநீர் கீழே, மண்டபம் மேல்மாடியில். நானும் பாக்கியமும் சேர்ந்தே படியேறினோம். பாதியில் அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "நீங்க போங்க ஐயா, நான் மூச்ச வாங்கிட்டு வாறேன்" என்றார். ஒரு பெண்ணைத் தனியே விட்டுப் போவது பண்பல்ல என்று நானும் நின்றேன். நிற்கிற நேரத்தில், சுவரிலிருந்த தீயணைப்பு அறிவித்தலை மூன்று மொழிகளிலும் வாசித்தேன். அடுத்த திருப்பத்திலும் அதே அறிவித்தல் இருந்தது. அதையும் மூன்று மொழிகளிலும் வாசித்தேன்.

கேள்விகளைத் தொடங்கியவர் பல்லேபொலப் பக்கத்திலிருந்து வந்திருந்த நஸ்ரியா என்ற இளம் வைத்தியர். பாக்கியத்திடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"காலையில சளி வருமா சேர்?"

"அது எல்லாருக்கும் வரும்."

"மார்க்கெட்டுக்கு நடந்தா போறீங்க?"

"முந்தி நடந்துதான். இப்ப த்ரீவீலர். பென்ஷன்காரனுக்கு அந்தச் சொகுசுகூட வேணாமா?"

மண்டபம் சிரித்தது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"கோயில் தேருக்குப் பின்னால போவீங்களா?"

"இப்ப இல்ல. கடை வாசல்ல நாற்காலி போட்டுப் பாத்தா தேர் முழுசாத் தெரியும்."

"படுக்கிறப்போ?"

"ரெண்டு தலகாணி. உயரமாப் படுத்தாத்தான் நல்ல யோசனை வரும்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பாக்கியம் நோயாளி என்றவர்கள் கையைத் தூக்கச் சொன்னபோது பாதிக் கைகள் உயர்ந்தன. நான் நோயாளி என்பவர்களைக் கேட்டபோது மண்டபமே கையைத் தூக்கியது. நடைமுறையில் ஏதோ தவறு என்று விளக்க எழுந்தேன். நஸ்ரியா முந்திக்கொண்டார்.

"சேர் படியேறுறப்போ நான் பின்னாலதான் வந்தேன். ஒரே நோட்டீஸ ரெண்டு இடத்திலயும் நின்னு வாசிச்சீங்க. இப்பவும் உதட்டக் குவிச்சுத்தான் மூச்சு விடுறீங்க."

நிபுணரின் முகத்தில் விளையாட்டு முடிந்திருந்தது. என் பக்கம் குனிந்து, "வெளியில போய்ப் பேசுவமா சேர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

அப்போதே போயிருக்கலாம். அறுபது வைத்தியர்கள் முன்னால் என் நுரையீரலின் நற்பெயரைக் காப்பாற்றாமல் போவதா? "இங்கேயே பாருங்கள். ஊதிப்பார்க்கும் இயந்திரம் பொய் சொல்லாது" என்றேன். (அது பொய் சொல்லவில்லை.)

மூக்கில் கிளிப் மாட்டி இயந்திரத்தின் குழாயை வாயில் வைத்தார்கள். "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க!" என்று மண்டபமே கத்தியது. நான் ஊதினேன். என் வாழ்நாள் மூச்சு திரையில் கோடாக எழுந்து, எழுந்த வேகத்தில் தொய்ந்து, ஈரச் சேலை கொடியில் தொங்குவதுபோல் உள்வாங்கி ஊர்ந்தது. மருந்தை உறிஞ்சவைத்து, காத்திருந்து, மறுபடி ஊதச் சொன்னார்கள். அதே ஈரச் சேலை. பக்கத்தில், ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த பாக்கியத்தின் கோடும் இருந்தது. எது யாருடையது என்று சொல்ல முடியவில்லை.

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கிளினிக்கா ஐயா?" என்றார் பாக்கியம்.

வெட்கம் ஒரு பக்கம் இருக்க, என் காது வேறொன்றில் இருந்தது. உதட்டைக் குவிப்பது ஏன் என்று நிபுணர் விளக்கிக்கொண்டிருந்தார். மூச்சுக்குழல்கள் மூடிக்கொள்ளாமல் இருக்க உடம்பே கண்டுபிடிக்கும் வழி அதுவாம், யாரும் சொல்லிக்கொடுப்பதில்லையாம். என் ஒப்புதலின்றி, கையெழுத்தின்றி, என் உடம்பு ஒரு நடைமுறையை வகுத்து, அதை எத்தனையோ காலமாக ஒரு நாள்கூடத் தவறாமல் நிறைவேற்றி வந்திருக்கிறது. அலுவலகத்தில் எனக்குக்கூட அப்படி ஒரு உத்தியோகத்தர் கிடைத்ததில்லை. தேரும் மார்க்கெட்டும் ஒவ்வொன்றாக என் வாழ்க்கையிலிருந்து கழன்று போயிருந்தன. ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு நகைச்சுவை தயாரித்து வைத்திருந்தேன். என் வீட்டார் கண்டுபிடிக்காததை, காலையில்தான் அந்தப் பாடத்தைக் கேட்ட ஒரு பெண் நாலே கேள்வியில் கண்டுபிடித்துவிட்டார். கற்றலுக்கு இவ்வளவு வேகம் உண்டு என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

"போனது திரும்பி வராது சேர்," என்றார் நிபுணர். "இருக்கிறதக் காப்பாத்தலாம்."

காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். மருந்தை உறிஞ்சுகிறேன், பாக்கியமும் நானும் ஒரே நாளில்தான் கிளினிக் போகிறோம். அடுத்தடுத்த பயிற்சிகளுக்கும் எங்கள் இருவரையும் அழைக்கிறார்கள். இப்போது இருவருமே நோயாளிகள்தான். சுகதேகிக்கு வேறு ஆள் பார்த்து, முதலில் ஊதவைத்துச் சரிபார்த்துவிடுகிறார்கள். வீட்டுக்கு யார் வந்து என்னை விசாரித்தாலும் என் மனைவி கதவைத் திறந்த கையோடு சொல்லும் பதில் ஒன்றுதான்:

"அவருக்கு மறுபடியும் கவர்ன்மென்ட் வேலை கெடச்சிருக்குங்க. போய் உக்காந்து மூச்சு விட்டாப் போதும்."