மெதுவானந்தர்

மெதுவானந்தர்கள் என்றொரு இனம் உண்டு. எல்லாத் தெருவிலும் இருப்பார்கள். நான் காட்டப்போவது ஆய்வுக்கூடத்து ரகம்.

எலியின் மரபணுவில் குறித்த ஓர் இடத்தை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றத்தைச் செல்லுக்குள் கொண்டுபோக ஒரு வண்டி வேண்டுமே? நம்மவர் அதை ஈஸ்டுக்குள் கட்டுகிறார். ஆமாம், ரொட்டியை உப்பவைக்கும் அதே ஈஸ்ட்தான்! எலியின் டி.என்.ஏ.வில் நீளமாக ஒரு துண்டைச் செயற்கைக் குரோமோசோமாக்கி உள்ளே விட்டால், ஒட்டுவேலையை ஈஸ்டே பார்த்துக்கொள்ளும். வெளியே எடுக்கும்போதுதான் வினை. வேகமாக உறிஞ்சினாலே அந்த நீளத் துண்டு பொட்டென்று அறுந்துவிடும். ஆகவே பைப்பெட் முனையைக் கத்தரியால் நறுக்கி அகலமாக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா... மெதுவா..."

சரி, தேவைதான். ஆனால் கை கற்றதைக் காலும் கற்றுக்கொண்டால்? நடை மெதுவா, கதவு மெதுவா, தும்மல்கூடத் தவணைமுறையில். வீட்டில் சாஸ் பாட்டிலின் மூக்கையும் நறுக்கிவிட்டார், தட்டெல்லாம் வெள்ளம். 'மெதுவா' என்றால் பூப்போலவா, ஆமைபோலவா? இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்து நம் மொழியே இவரைக் கெடுத்துவிட்டது.

எதிர்க் கட்டடத்தில் எலியின் செல்களை வளர்ப்பவர் இவர் மனைவி. அன்று செல்கள் தயார். மாலைக்குள் வண்டி உள்ளே போகாவிட்டால் நெருக்கியடித்து வளர்ந்து வீணாகிவிடும். மறுபடி முதலிலிருந்து வளர்க்க வேண்டும். வண்டி போய்விட்டாலோ, தன் தங்கைக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்க மறுநாளே ஊருக்குக் கிளம்பலாம். மதியத்திலிருந்து போன் செய்துகொண்டிருந்தார். மெதுவா வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார் நம்மவர். பொய்யில்லை. லிஃப்ட் குலுங்குமென்று படியில் இறங்கினார், படி அதிருமென்று படிக்குப் படி நின்றார், வழியில் நலம் விசாரித்த காவலாளிக்கு, கையில் வண்டியிருந்த குழாய் ஆடிவிடப் போகிறதென்று, கண்ணாலேயே பதில் சொன்னார். போய்ச் சேர்ந்தபோது விளக்கு போட்டுவிட்டார்கள்.

"ஒரு இடத்துலகூட அறுந்திருக்காது," என்று குழாயை நீட்டினார். முகத்தில் என்ன பெருமை!

மனைவி மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையெடுத்தார். அழுகைதான் வந்திருக்க வேண்டும், சிரிப்பு முந்திக்கொண்டது.

"வண்டி நல்லாத்தாங்க இருக்கு. அது போய்ச் சேர வேண்டிய ஊருதான் காலி."

கையுறைகளைக் கழற்றி அவர் கையில் வைத்தார்.

"புதுசா செல் வளர்க்க வேண்டியது இனி நீங்க. நாளைக்கு நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். மெதுவா வரேன்."

சிரித்தது போதும், எழுந்திருங்கள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டு எவ்வளவு நேரமாகிறது! "இந்தப் பக்கத்தை முடிச்சுட்டு மெதுவா வரேன்" என்று சொன்னது நானா, நீங்களா?