காவலுக்கு அனுப்பிய வெள்ளை மருந்து

சைகோன், கான் ஹொய்.

அன்பு மிகுந்த லாத்தா நூர் நிஷாவுக்கு, தங்கை அக்தர் பானு ஸலாம் சொல்லி எழுதுவது. மச்சானும் பிள்ளைகளும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன்.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லிவிடுகிறேன். போன கடிதத்தில், நான் மவுத்தாகப் போகிறேன், என் பட்டுப் புடவையெல்லாம் உங்களுக்குத்தான் என்று எழுதியிருந்தேனே, அது இப்போதைக்கு இல்லை. அழுதிருந்தால் மன்னியுங்கள். ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தால் அதற்கும் மன்னியுங்கள்.

நோன்பு தொடங்கியதும் முழங்கால் வீங்கிக்கொண்டது. மருந்துக்கடைக்காரி வலி மாத்திரை கொடுத்து, இது வயிற்றைக் கடிக்கும், எரிந்தால் குடியுங்கள் என்று புட்டியில் வெள்ளையாக ஒரு மருந்தும் கொடுத்தாள். பகலில் எதையும் விழுங்க முடியாதே, பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்துக்கும் முன்னால் மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீருக்குப் பதில் அந்த வெள்ளை மருந்தையே ஊற்றி இறக்கினேன், கூடவே காவலுக்கு ஆள் போகட்டும் என்று. சில நாளில் நெஞ்சு அடுப்பாகிவிட்டது. வீட்டுக்காரரிடம் சொன்னால், "ஒன் நாக்குல இருந்த காரம் உள்ள எறங்கியிருக்கும் புள்ளே" என்கிறார். "அந்தக் காரத்துலதானே நீங்க இத்தன வருஷமா உசிரோட இருக்கீங்க" என்றேன். ஆனால் எதிர்வீட்டுக்காரர் இப்படித்தான் எரிச்சலில் தொடங்கி, குடல்புண் வெடித்துப் போய்ச் சேர்ந்தார். அந்தப் பயத்தில்தான் உங்களுக்குப் புடவையை எழுதிவைத்தேன்.

நேற்று இவர் என்னை ஸிக்லோ ரிக்ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்து, புண் இல்லை என்றாள். குழாய் விட்டிருக்காவிட்டால் கட்டிப்பிடித்திருப்பேன்.

"இந்த மாத்திரைக்கு மேல பூச்சு இருக்கும்மா. வயித்தத் தாண்டிக் குடலுக்குப் போயிதான் கரையணும். வெள்ளை மருந்தோட சேத்து முழுங்குனா பூச்சு வயித்துலயே கரைஞ்சிடும்."

"நான் காவலுக்குல்ல அனுப்புனேன்!"

"காவல்காரனே கதவத் தொறந்துவிட்டுட்டான். முடிஞ்சா மாத்திரைய நிறுத்துங்க. கால் தாங்காட்டி, வயித்துக்கு ஏதாவது சாப்பிட்டுட்டுப் போடுங்க. வெள்ளை மருந்த ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடிங்க."

இவ்வளவுதானாம் லாத்தா. வெளியே வந்ததும் இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். புடவைகளை நானே கட்டிக் கிழிக்கிறேன். அல்லாஹ் உங்களுக்கும் எனக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும்.

உங்கள்
அக்தர் பானு

பின்குறிப்பு: இன்று ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சி குடித்து, மாத்திரையைப் போட்டு, இன்னொரு கிண்ணமும் குடித்தேன். அப்புறம் குடிக்கலாமென்று அடுப்படியில் டம்ளரில் ஊற்றி வைத்திருந்த வெள்ளை மருந்தை, தேங்காய்ப்பால் என்று நினைத்து இவர் முன்னமே கஞ்சிப் பானையில் கலந்துவிட்டிருக்கிறார். விருந்துக்கு வந்த பக்கீர் மைதீன் நானா மூன்று கிண்ணம் குடித்தார். கஞ்சி வயிற்றுக்கு இதமாக இருந்ததாகச் சொன்னார்.