அடுப்பின் மேல் நின்ற தலைவர்

மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அக்கா அவர்களுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் மகளும் நலமே. என் இடது முழங்கை மட்டும் மழைக்கு முந்தின நாள் கொஞ்சம் முனகும். அந்த முழங்கையைப் பற்றி உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டால்தான் மேலே எழுதக் கை ஓடும்.

போன வருஷம் நான் அனுப்பிய படத்தில் கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டாய். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றேன். நீ உடனே ஒரு ரப்பர் விரிப்பு வாங்கி அனுப்பினாய். அது இன்னும் உறை பிரிக்காமல் பரணில் இருக்கிறது. அக்கா, நான் குளியலறையில் விழவில்லை. பகல் பதினோரு மணிக்கு, தண்ணீர் வரி கட்ட வாசல் வரைக்கும் வரிசையில் நின்ற முப்பது பேர் பார்க்க, தலைமைக் கணக்கரின் சுழல் நாற்காலியில் சவாரி போய், அலுவலக கேன்டீன் குப்பைத் தொட்டிக்குள் விழுந்தேன். விழுந்ததைக்கூட மன்னித்துவிடலாம். யாராவது கைகொடுத்துத் தூக்குவார்கள் என்று பார்த்தால், கேன்டீன்காரர் எட்டிப் பார்த்து, "சார், இது காஞ்ச குப்பைக்கு" என்றார்.

இத்தனை நாள் மறைத்ததை இப்போது ஏன் உளறுகிறேன் என்றால், வரும் ஞாயிற்றுக்கிழமை நகராட்சியின் புதுக் குடியிருப்பில் கல்வெட்டு திறக்கிறார்கள். அதில் என் பெயர் இருக்கிறது. நகராட்சித் தலைவர் பெயருக்கும் பில்டர் பெயருக்கும் கீழே மூன்றாவது வரி, எழுத்து சின்னதுதான், ஆனால் கல்லில் செதுக்கியது, துணியால் துடைத்தால் போகாது. இதற்கு முன் உன் தம்பியின் பெயர் ஒரு பொதுச் சுவரில் வந்தது ஒரே ஒரு தடவை, நூலகத்தில் புத்தகம் திருப்பித் தராதவர்கள் பட்டியலில். அதனால் நீயும் அத்தானும் அவசியம் வரவேண்டும். வருவதற்கு முன் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே யாராவது குப்பைத் தொட்டியில் ஆரம்பித்துவிடுவார்கள்.

நகராட்சியில் நியாய வீட்டுவசதிக் கொள்கைக் குழு என்று ஒன்று தொடங்கி என்னைத் தலைவராகப் போட்டது உனக்குத் தெரியும். என் திறமையைப் பார்த்துப் போட்டார்கள் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. அந்தப் பதவிக்குப் பார்த்திருந்த மற்ற மூன்று பேரும் அந்தக் கூட்டத்தன்று லீவு. என் வீட்டுக்காரி கேட்டுவிட்டு, "வீட்டுல ஒரு ஆணி ஒழுங்கா அடிக்கத் தெரியாது, ஊருக்கே வீடு குடுக்கப் போறாராம்" என்று அடுத்த வீடு வரைக்கும் கேட்கும்படி சொன்னாள். மாடிப்படிக்குக் கீழே பழைய தட்டச்சு இயந்திரங்கள் வைத்திருந்த அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். உள்ளே நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும், அதனால் எங்கள் குழு எடுத்த முடிவுகள் எல்லாமே பணிவாக எடுத்தவை. என்னையும் சேர்த்து மூன்று பேர். ஒருத்தி எஞ்சினியர் பெண். இடுப்பில் எப்போதும் அளவு நாடா தொங்கும், அதனால் அவளுக்கு டேப் என்றே பெயர். இன்னொருவர் எழுத்தர், இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் யாருக்கும் எதற்கும் மறுப்புச் சொன்னதே இல்லை, அவருக்கு சரிங்கசார் என்று பெயர்.

விஷயம் இதுதான். நகராட்சி நிலத்தில் ஒரு பில்டர் அறுபது வீடு கட்டப் போகிறார். நாற்பது முழு விலைக்கு. இருபது எங்கள் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு, குறைந்த வாடகைக்கு. கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? வரைபடத்தைப் பார்த்தால், நாற்பது வீட்டுக்காரர்களுக்கு முன்வாசல், நீரூற்று, லிஃப்ட். இருபது வீட்டுக்காரர்களுக்குப் பின்வாசல். டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி, குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, ஒன்பது படி ஏறி, தனி மாடிப்படி. பில்டர் அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்: தனி வாசல், தனிச் சுதந்திரம். எங்கள் கொள்கையில் நான் என் கையால் எழுதின வரி, 'ஒரே கட்டடம், ஒரே வாசல்.' நகராட்சித் தலைவரிடம் ஓடினேன். அவர் என்னை உட்காரக்கூடச் சொல்லாமல், "வீடு கிடைக்குதேன்னு சந்தோஷப்படுவாங்களா, வாசலைப் பாப்பாங்களாய்யா? வெள்ளிக்கிழமை மன்றத்துல ஓட்டுக்கு விடறேன், நீங்க கையெழுத்தைப் போட்டு அனுப்புங்க" என்றார்.

அந்த இருபதில் முதல் பெயர் ஒரு தையல்காரம்மா. பதினோரு வருஷமாகப் பட்டியலில் இருப்பவர். அவர் வீட்டுக்காரர் பெயின்டர்; சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை, சக்கர நாற்காலி. அந்தம்மாவிடம் வரைபடத்தைக் காட்டினோம். அந்தம்மா ஒன்பது படியை விரலால் எண்ணினார். எண்ணிவிட்டு, "சார், இவரை ஒரு தடவை தூக்கிட்டு ஏறிடலாம். தினமும் யாரு தூக்கறது? வீடு வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன், அடுத்தவங்களுக்காவது ஆகட்டும்" என்றார். பதினோரு வருஷம் காத்திருந்தவர், அக்கா. பேனா கேட்டார். பேனா தீர்ந்துபோச்சு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சட்டைப் பையில் இரண்டு இருந்தது.

அப்போதுதான் டேப் என்னைக் கையும் களவுமாகப் பிடித்தாள். "சார், இவ்வளவு நாளா நீங்க வரைபடத்தைத் தலைகீழாத்தான் பிடிக்கறீங்க" என்றாள். ஆமாம், எனக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. இரண்டு வருஷமாகத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். மானம் போன எரிச்சலில், "தலைவருக்கு மட்டும் தெரியுமா?" என்றேன். அவள் யோசித்தாள். "தெரியாது சார். அப்போ ரெண்டு பேருக்கும் சேர்த்துத் தரையில போட்டுக் காட்டிடலாம்" என்றாள்.

வரி கட்டும் பெரிய கூடத்துத் தரையில், முழு அளவில், சாக்பீஸால் ஒரு வீடு வரைந்தோம். எனக்கு நேர்கோடு போட வராது என்று உனக்குத் தெரியாதா. 'கோடு போடச் சொன்னா ஆறு வரையறான்' என்று வடிவியல் நோட்டை நீ அப்பாவிடம் காட்டியதை நான் மறக்கவில்லை, கோணல் என்று நீ வைத்த பெயர் இன்னும் சொந்தக்காரர்கள் வாயில் இருக்கிறது. அதனால் டேப் அளந்தாள், சரிங்கசார் கயிறு பிடித்தார், நான் கயிற்றை ஒட்டி மண்டிபோட்டு வரைந்தேன். ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை, வெளியே முன்வாசல். பின்வாசல் வழியைக் கூடத்தில் அடக்க முடியாதே, அதற்கு டேப் ஒரு வழி கண்டுபிடித்தாள். அலுவலகத்தின் பக்கக் கதவு வழியாக வெளியே போய், சைக்கிள் நிறுத்தம், கேன்டீன் புகைபோக்கி, குப்பைத் தொட்டிகள் என்று சுற்றி, பின்பக்கப் படி ஏறி உள்ளே வந்தால், பில்டர் போட்ட தூரமும் அதுவும் ஒன்று. நூற்று நாற்பத்திரண்டு காலடி. எங்கள் அலுவலகப் பின்படியும் ஒன்பது! எண்ணிப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சக்கர நாற்காலி அந்த வழியில் எப்படிப் போகும் என்று சோதிக்க வேண்டும், எங்களிடம் சக்கர நாற்காலி இல்லை, தலைமைக் கணக்கர் டீ குடிக்கப் போயிருந்தார். "வேகமாத் தள்ளுங்க" என்றேன். "சரிங்க சார்" என்றார் சரிங்கசார். "மெதுவா" என்று சொல்வதற்குள் மிச்சக் கதை உனக்குத் தெரியும்.

மறுநாள் கையில் கட்டோடு தையல்காரம்மாவையும் பெயின்டரையும் அழைத்து வந்தேன். வெறும் கோடுதானே, சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அந்தம்மா முன்வாசல் கோட்டுக்கு முன்னால் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவ்வளவுதான், அக்கா, கூடமே திரும்பிப் பார்த்தது. "ஜன்னல் எந்தப் பக்கம்? மிஷினை இங்க போட்டாத்தான் வெளிச்சம் விழும்" என்று தையல் மிஷினுக்கு இடம் பார்த்தார். பெயின்டர் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிச் சுவரை எல்லாம் பார்த்துவிட்டு, "சுவர் கொஞ்சம் கோணல். ஆனா பூச்சு பிரமாதம், பிசிறே இல்ல" என்றார். வரி கட்ட வந்தவர்கள் தாங்களாகவே வரிசையை வளைத்து வீட்டைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தர் படுக்கையறை மூலையை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். எங்கள் அலுவலக உதவியாளர் கோப்பு கொண்டுபோகும்போது குளியலறைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்!

இந்தச் சமயத்தில்தான் தலைவரும் பில்டரும் வந்தார்கள். கூடத்தில் என்ன கூட்டம் என்று கேட்டுக்கொண்டே தலைவர் விறுவிறுவென்று நேராக வந்தார், சமையலறைச் சுவர் வழியாக. தையல்காரம்மா நிமிர்ந்து பார்த்து, "ஐயா, வாசல் அந்தப் பக்கம். நீங்க அடுப்பு மேல நிக்கறீங்க" என்றார்.

தலைவர் சூடு பட்டவர் மாதிரி பின்னால் குதித்தார். குதித்தாரா இல்லையா என்று முப்பது பேரைக் கேள். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று சிரித்துச் சமாளித்து, வீட்டைச் சுற்றி முன்வாசலுக்கு வந்தார். அங்கே சரிங்கசாரை வாட்ச்மேனாக நிறுத்தியிருந்தேன், கையில் ஒரு நோட்டு.

"நகருங்க" என்றார் தலைவர்.

"சரிங்க சார். யார் வீட்டுக்கு சார்?"

"இதோ, இந்தம்மா வீட்டுக்குத்தான்."

சரிங்கசார் நோட்டைத் திறந்தார். நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ... இந்த வாசல் இல்ல சார். இது முழு விலை குடுத்தவங்களுக்கு. நீங்க பின்னாலதான் வரணும்."

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் மறுப்பு, அதுவும் நகராட்சித் தலைவருக்கு! என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலைவர் முறைத்தார். வரிசையிலிருந்து யாரோ, "போயிட்டு வாங்க தலைவரே, வீடு எங்க ஓடிடப் போகுது" என்றார்கள். போனார். நாங்கள் காத்திருந்தோம். சைக்கிள் ஸ்டாண்டில் ஏதோ சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. கேன்டீன்காரர் "சார், ஈரக் குப்பை!" என்று கத்தினார். ஒருவழியாகப் பின்படி ஏறி, சலவைச் சட்டையில் கரியும் நெற்றியில் வேர்வையுமாக மூச்சு வாங்க வந்து நின்றார். தையல்காரம்மா தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பெயின்டர்தான் பேசினார், குரலை உயர்த்தாமல்: "உக்காருங்க ஐயா. பரவாயில்ல, நீங்க வந்துட்டீங்க. நான் ஒரு தடவை உள்ள வந்துட்டா அப்புறம் வெளிய கிடையாது. அதான் நல்லாப் பாத்து வெச்சுக்கறேன், எந்த ஜன்னல்ல தெரு தெரியும்னு."

தலைவர் தண்ணீரைக் குடித்தார். பாட்டிலை மூடினார். மறுபடியும் திறந்து இன்னொரு வாய் குடித்தார். அதற்குள் பில்டர், "தலைவரே, செலவு என்ன ஆகும்னா..." என்று ஆரம்பித்துச் சமையலறைப் பக்கமாக உள்ளே கால் வைத்தார்.

"யோவ்! வாசல் வழியா வாய்யா!" என்றார் தலைவர்.

வெள்ளிக்கிழமை மன்றத்தில் ஒருத்தர்கூட எதிர்க்காமல் நிறைவேறியது: எந்த வாசலும் எல்லாருக்கும் பொது, இரண்டு பக்கமும் சாய்தளம், லிஃப்ட் அறுபது வீட்டுக்கும் ஒன்றே. என் வரியில் தலைவர் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, தானே சொன்னது மாதிரி வாசித்தார், வாசிக்கட்டும். வீடுகள் கட்டி முடிந்து எல்லாரும் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. பெயின்டர் தினமும் தானே இறங்கித் தெருமுனை வரை போய்வருகிறார், போகிற வழியில் யார் வீட்டுச் சுவர் பூச்சு சரியில்லை என்று எல்லாரிடமும் வம்பு வேறு. சரிங்கசார் போன வாரம் எனக்கே ஒரு லீவை மறுத்தார். என் வீட்டுக்காரி கல்வெட்டைப் படம் எடுத்து அவள் தங்கைகளுக்கு எல்லாம் அனுப்பியிருக்கிறாள், என்னிடம் சொல்லாமல். கோடு போடத் தெரியாதவன் போட்ட கோடு, அக்கா. வந்து பார்.

அத்தானுக்கு என் வணக்கம். தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பாதே, விழித்ததும் சொல். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. என்னை வழக்கம்போல் திட்டி, அப்புறம் வாழ்த்தவும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி,
கோணல்

பின்குறிப்பு: வழி சொல்ல மறந்துவிட்டேன். முன்வாசலுக்கு வந்து நிற்காதே, அதை மூன்று வாரமாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள். பஸ் நிறுத்தமும் கடையும் பின்பக்கம் என்பதால், முழு விலை கொடுத்த நாற்பது வீட்டுக்காரர்கள் உட்பட அறுபது குடும்பமும் பின்வாசல் வழியாகத்தான் போய்வருகிறது. நானும் அப்படித்தான். கல்வெட்டு மட்டும் முன்வாசலில் இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் குப்பைத் தொட்டிகளைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். டேப் அளந்து பார்த்துவிட்டாள், நூற்று நாற்பத்திரண்டு காலடி.