கரடி வீட்டு சோலாரும் கூலி கேட்காத நரியும்

ஒரு காட்டில் தேனரசி என்றொரு இளம் கரடி தன் அப்பா சடையாண்டியோடும் அம்மா குருவம்மாளோடும் வாழ்ந்து வந்தது. மலையடிவாரத்தில் ஒரு விடுதியை இடித்தபோது கழற்றிப் போட்ட பழைய சோலார் பேனல்களைச் சடையாண்டி சல்லிசாக வாங்கிவந்து குகைக்கு மேலே மாட்டியிருந்தது. ஒரு மின்விசிறிக்கும் ஒரு ஃபிரிட்ஜுக்கும் தாராளமாகப் போதும் என்றுதான் விற்ற ஒட்டகம் சொன்னது. ஆனால் உச்சி வெயிலில்கூட மின்விசிறி சுற்றிய வேகத்தில், அதன் இறக்கைமேல் ஒரு பல்லி படுத்துத் தூங்கியது.

மற்ற நாளாக இருந்தால் பல்லி தூங்கட்டும் என்று விட்டிருப்பார்கள். அன்றைக்குத் தேனரசியைப் பெண் பார்க்க வருகிறார்கள். வருகிறவர்கள் மலை உச்சிக் கரடிகள். குளிரில் வளர்ந்தவர்கள், ரோமம் அடர்த்தி, கோபம் அதைவிட அடர்த்தி. இதற்கு முன் போன வீட்டில் புழுக்கம் தாங்காமல் காபியைக்கூடத் தொடாமல் எழுந்துவிட்டார்களாம். தேனரசிக்கோ அந்த மாப்பிள்ளையை ஆற்றங்கரையில் பார்த்தபோதே பிடித்துப்போயிருந்தது.

"அப்பா, காத்து மட்டும் வரட்டும்ப்பா. மத்ததை நான் பாத்துக்கறேன்," என்றது.

முதலில் பக்கத்து மரத்துக் குரங்கு வந்து, பேனல்மேல் படிந்திருந்த தூசியையும் காக்கை எச்சத்தையும் துடைத்தது. பல்லி கண்விழித்தது. அவ்வளவுதான் முன்னேற்றம்.

அடுத்து யானை வந்தது. "நிழல் விழுது, அதான்," என்று குறுக்கே நின்ற கிளையை ஒடித்து, ஒடித்த கையோடு தின்றும் விட்டது. பல்லி இறக்கையிலிருந்து இறங்கிச் சுவருக்குப் போனது. ஆனால் காற்று கீழே வரவில்லை. ஒயர்களை இறுக்கிப் பார்த்தார்கள். அதற்கும் மின்விசிறியின் வேகம் கூடவில்லை.

"இந்த வருஷம் வெயிலே சரியில்ல," என்று சூரியன்மேல் பழியைப் போட்டுவிட்டு யானை கிளம்பியது.

சடையாண்டி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டது. அந்த வழியாகப் போன நரி நின்றது. அதன் தோளில் கரண்ட் அளக்கும் மீட்டர் ஒன்று தொங்கியது.

"அண்ணே, நான் ஒரு பார்வை பாக்கட்டுமா?"

குருவம்மாள் அவசரமாகக் கதவைப் பாதி சாத்தியது. "அந்த ஆளு எதுக்கு வலிய வரணும்? இதுல ஏதோ இருக்குங்க."

"அம்மா, அவங்க வர்ற நேரமாச்சு. சித்தப்பா, நீங்க ஏறுங்க," என்றது தேனரசி.

நரி மேலே ஏறி, ஸ்விட்சை அணைத்துவிட்டு, பேனல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அளந்தது.

"வோல்ட் பாத்தா எல்லாம் நல்லாத்தான் காட்டும். ஆம்பியரைப் பாக்கணும். இந்த ஓரத்துப் பேனல் உள்ளுக்குள்ள கீறல் விட்டிருக்கு. ஒண்ணோட ஒண்ணு வரிசையா கோத்திருக்கீங்களா, இது எவ்வளவு கரண்ட் விடுதோ அவ்வளவுதான் மத்ததுலயும் போகும். இது படுத்துக்கிட்டு எல்லாத்தையும் படுக்க வச்சிருச்சு. கழட்டிருவோம்."

"ஒண்ணைக் கழட்டினா கரண்ட் கூடுமா? எந்த ஊர் நியாயம்யா இது?" என்றது சடையாண்டி.

நரி கெட்ட பேனலை ஒதுக்கி, மிச்சத்தை இணைத்து, ஸ்விட்சைப் போட்டது. மின்விசிறி சுற்றிய சுற்றில் சுவரிலிருந்த காலண்டர் ஆணியோடு பறந்தது.

"உனக்கு என்ன வேணும்?" என்றது சடையாண்டி.

"ஒண்ணும் வேணாம்ணே. நல்ல காரியம் நடக்கட்டும்," என்று நரி போய்விட்டது.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ரோமம் அலையலையாகப் பறக்க, மாப்பிள்ளையின் அப்பா கண்ணை மூடி "ஆகா!" என்றது. சடையாண்டி மட்டும் அண்ணாந்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன சம்பந்தி, உங்களுக்குச் சம்மதந்தானே?"

"தெரியலியே. உள்ள என்ன சூது இருக்குன்னு இன்னும் பிடிபடல."

விருந்தாளியின் முகம் கறுத்தது. தேனரசி பதறிப்போய் அப்பாவின் காதருகே குனிந்தது.

"என்னப்பா பேசறீங்க?"

"ஒண்ணும் வேணாம்னு போயிருக்காம்மா. நரிம்மா! நரி!"

தேனரசிக்கு விளங்கிவிட்டது. பின்வாசல் வழியாக ஓடியது. ஓடைக்கரையில் நரி முகம் கழுவிக்கொண்டிருந்தது.

"சித்தப்பா, தயவுசெஞ்சு எதையாவது திருடிட்டுப் போங்க!"

நரிக்கு மனசு சுருக்கென்றது. "நான் அந்தத் தொழிலை விட்டு ரொம்ப நாளாச்சும்மா."

"எனக்காக, சித்தப்பா."

உள்ளே மாப்பிள்ளை வீட்டார் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தேவிட்டார்கள். அந்த நேரம் நரி எல்லார் கண்ணெதிரிலும் பாய்ந்து வந்து, நடுவிலிருந்த அதிரசத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

சடையாண்டி துள்ளிக் குதித்தது. "பாத்தீங்களா? நான் அப்பவே நினைச்சேன்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அப்படியே சம்பந்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டது.

"எங்க மலையிலயும் இவனுங்க இப்படித்தான்," என்று மாப்பிள்ளையின் அப்பா மனம் குளிர்ந்து உட்கார்ந்தது. இரண்டு பேரும் நரிகளைத் திட்டித் திட்டியே உயிருக்குயிராகிவிட்டார்கள். வளர்பிறையில் கல்யாணம் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை ஓரக்கண்ணால் தேனரசியைப் பார்த்துச் சிரித்தது.

புதருக்குப் பின்னால் நரி ஒரு அதிரசத்தைக் கடித்தது. கல் மாதிரி இருந்தது. இருந்தாலும் தட்டைக் காலி செய்தது.

நீதி: யாருக்காவது உதவி செய்தால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். போகிற போக்கில் எதையாவது திருடிக்கொண்டு போங்கள். பாவம், அவர்களும் நிம்மதியாக இருக்க வேண்டாமா?