ஷூ டப்பாவில் ஒரு ராஜா

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பள்ளிகொண்டா தாண்டிட்டாங்களாம்!" செல்போனும் கையுமாக ஓடி வந்தாள் சுகரா பேகம். "நீங்க இன்னும் அந்தப் புஸ்தகத்தையெல்லாம் மொறச்சுக்கிட்டு நிக்கிறீங்களே!"

கணவர் அப்துல் வஹீத் முறைக்கவில்லை. விடைபெற்றுக்கொண்டிருந்தார்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர் அவர். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்கப் புத்தகம். யார் ஆள வேண்டும், மற்றவர் ஏன் அடங்க வேண்டும் என்று கேட்கிற தத்துவங்கள். வரைபடத்தில் இல்லாத நாடுகளில் நடக்கிற அரசியல் நாவல்கள். ஒன்றைப் படித்து முடித்தால் நாள் முழுக்க யாரோடும் பேச மாட்டார். பேச்சு வந்ததும் அதை மகள் ஹுமேராவிடம் கொடுப்பார். அவள் படித்துவிட்டு, பக்க ஓரத்தில் பென்சிலால் ஆசிரியரோடு சண்டை போடுவாள்.

அந்தச் சண்டைதான் வினையாகிவிட்டது. போன மாதம் பெண் பார்க்க வந்த வாணியம்பாடிக்காரர்கள் ஒரு புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "பொண்ணு ரொம்ப யோசிக்கும் போல" என்று சமோசாவைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள்.

"இந்த எடமும் போச்சுன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்," என்றாள் சுகரா.

பிரிண்ட் பிசகிய காலி ஷூ டப்பாக்கள் வீட்டில் நிறையக் கிடந்தன. வஹீத் ஒவ்வொரு புத்தகத்தையும் டிஷ்யூ தாளில் சுற்றி, ஏற்றுமதிச் சரக்கைப் போல டப்பாவில் இட்டு, சுவரோரம் அடுக்கினார். கை பழகிய வேலை.

அங்கேதான் தப்பு நடந்தது. தோலும் ஷூவுமாகப் பிழைக்கிற அந்த ஊர்ப்பக்கத்தில் பீரோவைத் திறந்து போட்டாலும் விருந்தாளி எட்டிப் பார்க்க மாட்டான். ஷூ டப்பாவைக் கண்டால் மட்டும் யார் கையும் சும்மா இருக்காது.

மேல்விஷாரத்திலிருந்து இனாயத்துல்லா வந்தார். ஷூவுக்கு மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் யூனிட் வைத்திருப்பவர். கூடவே அவர் மகன், மாப்பிள்ளை தபரேஸும், அவன் தங்கை மெஹக்கும். தபரேஸ் சலாம் சொன்னதோடு சரி. தரையைப் பார்த்தபடி கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான். 'பையன் நல்லவன்தான், பச்சைத் தண்ணி' என்று வஹீத் நினைத்துக்கொண்டார்.

"புது மாடலா?" என்று இனாயத்துல்லா மேல் டப்பாவைத் திறந்து, தோல்காரர் வழக்கப்படி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். முகம் சுருங்கியது. டிஷ்யூவை விலக்கினார்.

"'அரசனை இறக்குவது நியாயமா?'... இது இன்னா லெதருங்க?"

"டப்பா மாறிப்போச்சு," என்றார் வஹீத்.

இனாயத்துல்லா அடுத்ததைத் திறந்தார். "'சுவரில்லாச் சிறை'. மேல ஏழாம் நம்பர் சைஸுன்னு போட்டிருக்கு."

"பக்கத்து வீட்டு ஜான்சனுதுங்க!" சுகரா குறுக்கே பாய்ந்தாள். "அவங்க வீட்ல வெள்ளையடிக்கிறாங்க. அதான் இங்க வெச்சிருக்காரு."

"இந்த மாதிரி படிக்கிற ஆளா? பாக்கணுமே, கூப்புடுங்க."

சுகரா கொல்லை வழியாக ஓடி, ஜான்சனை லுங்கியோடு இழுத்து வந்தாள். ஜான்சன் தோலுக்குச் சாயம் ஸ்ப்ரே அடிப்பவர். கிரிக்கெட் ஸ்கோரைத் தவிர வேறெதையும் அவர் படித்ததில்லை. வழியில் அவருக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: "புஸ்தகம்லாம் உங்களுதுன்னு சொல்லுங்க."

இனாயத்துல்லா முதல் புத்தகத்தைத் தட்டினார். "இதுல இன்னா சொல்றாரு? ஜனங்க வேணாம்னா ராஜா எறங்கியே தீரணுமா?"

ஜான்சன் யோசித்தார். "ராஜா பாவம் பாய். திடீர்னு எறங்கச் சொன்னா எங்க போவாரு?"

வஹீத் டீக் கோப்பையைத் தட்டென்று கீழே வைத்தார்.

"அப்ப சட்டம்?"

"கம்மியா இருந்தா நல்லது. ஜாஸ்தியா போனா பேஜாரு."

சுகரா கண்ணாலேயே கணவனை அழுத்திப் பிடித்து உட்கார வைத்திருந்தாள். தபரேஸின் நெற்றியில் வியர்வை வழிந்தது.

"இந்தச் செறைச்சாலை நாவல்? முடிவு எப்படி?"

"சூப்பர் முடிவு பாய்," என்றார் ஜான்சன். இப்போது அவருக்குத் தைரியம் வந்திருந்தது. "ஜெயிலர் பொண்ணையே கட்டிக்கிறான்."

"இல்ல!"

வஹீத் எழுந்துவிட்டார். கோப்பை உருண்டது.

"அவன் கட்டிக்கல. சாவறான்! மன்னிப்புன்னு ஒரே ஒரு வார்த்தை எழுதிக் குடு, விட்டுடறோம்னாங்க. குடுக்கல. அதப் படிச்சுட்டு மூணு நாள் எனக்குச் சோறு எறங்கல. இது ஜான்சனுது இல்ல, என்னுது. எல்லாமே என்னுது. ஓரத்துல பென்சில்ல எழுதியிருக்கே, அது என் பொண்ணு எழுதுனது. இவ்ளோ பெரிய மேதை எந்த எடத்துல சறுக்கிட்டாருன்னு எழுதியிருக்கா. படிச்சுப் பாருங்க! எனக்குக்கூடத் தோணாதது அவளுக்குத் தோணியிருக்கு. டப்பாவுல மறைச்சு வெச்சேன் பாருங்க, அதுக்குத்தான் வெக்கப்படறேன். இதுனால சம்பந்தம் வேணாம்னா, எங்களுக்கும் வேணாம்."

அவர் அத்தனை வார்த்தைகளை ஒரே மூச்சில் பேசி அந்த வீடு கேட்டதில்லை. ஜான்சன் லுங்கியைச் சரிசெய்தபடி வாசல் பக்கம் நகர்ந்தார். திரைக்குப் பின்னால் ஹுமேராவின் வளையல் ஒருமுறை குலுங்கி நின்றது.

வஹீத் தலையைத் தாழ்த்தவில்லை.

இனாயத்துல்லா டப்பாவை மூடினார். எழுந்தார். மகனைப் பார்த்தார். தபரேஸின் உதடுகள் துடித்துக்கொண்டிருந்தன.

"போச்சு," என்று சமோசாத் தட்டோடு அப்படியே உட்கார்ந்தாள் சுகரா.

மெஹக் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, இப்பவாவது அண்ணனப் பேச விடுங்க! இந்த மாதிரிப் புஸ்தகங்களப் பத்திப் பேசிப் பேசியே நாலு பொண்ணு வேணாம்னுடுச்சுன்னு, இன்னிக்கு வாயத் தொறக்கவே கூடாதுன்னு சத்தியம் வாங்கித்தானே கூட்டிட்டு வந்தீங்க!"