குலுக்கக் கூடாத மருந்து

அன்புத் தங்கைக்கு அண்ணன் ஆசியுடன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். இந்தச் சொல்லை இத்தனை நாளும் பழக்கதோஷத்தில் எழுதினேன், இன்று நிஜமாகவே எழுதுகிறேன்.

என் சிறுநீரகம் சோம்பேறியாகி, ரத்தம் ஊறச் சொல்லி எலும்புக்குத் தகவல் அனுப்பும் எரித்ரோபாய்டின் ஹார்மோனைச் சரியாகச் சுரக்காமல் விட்டதில், சட்டை மாட்டுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது, லிஃப்ட் இல்லாத உன் மூன்றாம் மாடிக்கு எங்கே வருவது, நீயோ "என் வீடுன்னா அண்ணனுக்கு இளக்காரம்" என்று அழுதாய், பிறகு ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டும் அழுதாய். டாக்டர் அதே ஹார்மோனை ஊசியாக எழுதிக்கொடுக்க, நர்ஸான நீ டியூட்டி முடிந்து வாராவாரம் ஐஸ் பெட்டியோடு வந்தாய். ஆயுள் முழுக்கக் கம்பவுண்டராக மிக்ஸ்சர் பாட்டில் குலுக்கிய கை சும்மா இருக்குமா? முதல் மருந்தை நன்றாகக் குலுக்கி உன்னிடம் பெருமையாக நீட்டினேன். "ஐயோ அண்ணா, இதைக் குலுக்கவே கூடாது, கெட்டுப்போயிடும்!" என்று தலையில் அடித்துக்கொண்டாய். அடுத்ததை உன் அண்ணி பத்திரமாக ஃப்ரீசரில் வைத்துக் கல்லாக்கினாள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை நீ எங்கள் கையில் கொடுத்ததே இல்லை.

இப்போது ரத்தம் ஏறியிருக்கிறது. "ஒண்ணுக்கு ரெண்டா போட்டா மலையே ஏறுவாரே?" என்றாள் அண்ணி. "அளவுக்கு மேல போனா ரத்தம் கெட்டியாகி அடைச்சுக்கும் அண்ணி" என்று நீ சொன்ன பிறகுதான் அடங்கினாள். சைக்கிள் பந்தயத்தில் ஜெயிக்க இதைத் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்டு மாட்டுகிறவர்கள் உண்டாமே! எனக்கு இதைப் போட்டுத்தான் செருப்பே மாட்ட முடிகிறது. கூடப் பிறந்தவளே, உனக்கு எப்படி நன்றி சொல்வேன்? நேரில் வந்து சொல்லத்தான் ஆசை. ஆனால் மூன்று மாடி இன்னும் என்னால் ஆகாது, வற்புறுத்தாதே. வழக்கம்போல நீயே வா.

நீயும் பிள்ளைகளும் நீடூழி வாழ்க. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

பி.கு.: மேலே எழுதியதை நம்பாதே. இதைத் தபாலில் போடத்தான் கிளம்பினேன், கால் தபால் பெட்டியைத் தாண்டிப் போய்விட்டது. மாடிக்கு மாடி நின்று நின்று ஏறி, இப்போது உன் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். கதவு பூட்டியிருக்கிறது. எனக்கு ஊசி போட என் வீட்டுக்குத்தான் போயிருப்பாய். இருக்கட்டும், நீ வந்ததும் இதைக் கையிலேயே தருகிறேன். மெதுவாக ஏறி வா அம்மா, பெட்டி குலுங்கப்போகிறது.