கத்தரியைச் சந்தேகிக்காதவர்

ஒன்றைக் கழற்றிப் பார்த்துவிட்டு உலகத்தையே தெரிந்துகொண்டவர்கள் என்று ஒரு வகை உண்டு. விழுப்புரத்தில் பஸ் ஏறித் திண்டிவனத்தில் இறங்குவதற்குள் ஒருவராவது உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிடுவார். அந்த வகையில் தேர்ந்த மாதிரி, ஒரு தனியார் கல்லூரியில் எலி ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர் திருமுருகன்.

எலியின் மரபணு ஒன்றுக்கு இருபுறமும் அடையாளம் வைத்து, அந்த அடையாளத்தைத் தேடி வெட்டும் கிரீ என்ற என்சைமை எலியின் தசையில் மட்டும் சுரக்கவைத்து, அங்கே அந்த மரபணுவைக் கழற்றிவிட்டு, எலி என்ன ஆகிறது என்று பார்ப்பார். அருமையான வித்தைதான். எலி நொண்டியதா? முடிந்தது ஆராய்ச்சி. "நடக்க வெக்கிற ஜீனையே கண்டுபிடிச்சிட்டோம்!" என்று அந்த வாரமே விழுப்புரத்தில் மேடையேறி மாலை வாங்கிக்கொண்டார். வெட்டப்போன கிரீ என்ற கத்தரியே எலியைக் குத்தியிருக்குமோ? அந்தச் சந்தேகமெல்லாம் மாலை விழுந்த கழுத்துக்கு மேலே ஏறாது.

அவரிடம் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் கண்டமங்கலத்துச் சங்கவிக்கு ஏறியது. மரபணுவில் அடையாளமே வைக்காமல், கிரீ மட்டும் உள்ள எலிகளையும் ஒரு கூண்டில் வளர்த்துப் பார்த்தாள்.

"சார், ஜீன் முழுசா இருக்கிற எலியும் நொண்டிக்கினுதாங்க போவுது. கிரீதான் கண்ட எடத்துல வெட்டுது போலங்க."

"அந்தக் கூண்ட யாரும்மா வெக்கச் சொன்னா?"

"ஒப்பிட்டுப் பாக்க வேணாமாங்க சார்?"

"மேடையில பேசிட்டு வந்துட்டேன், இப்ப வந்து பேஜாரு பண்ற! அதுங்களுக்குக் கால்ல புண்ணுன்னு எழுதி ஜல்தியா ஆராய்ச்சியிலேர்ந்து தூக்கிடு. உன் தீசிஸ்ல என் கையெழுத்து வேணும்ல?"

"இல்லாத புண்ண எழுத மாட்டேங்க சார்."

கையெழுத்து கிடைக்கவில்லை. பல வருட உழைப்பை விட்டுவிட்டு அவள் வெளியேற வேண்டியதாயிற்று. நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அவருக்கோ அதுவும் ஒரு கண்டுபிடிப்பு!

"சங்கவி போனதும் லேப் எவ்ளோ அமைதியாயிடுச்சி பாத்தீங்களா? பிரச்சினையே அந்தப் பொண்ணுதான்" என்று டீக்கடையில் முழங்கினார். மிச்சமிருந்த மாணவர்கள் பயத்தில் வாயை மூடிக்கொண்டார்கள் என்பது அவர் மண்டையில் உதிக்கவே இல்லை.

சிரிக்கிறீர்களா? போன மாதம் உங்கள் மகனிடமிருந்து செல்போனைப் பிடுங்கினீர்கள். பையன் சோறு தண்ணி இறங்காமல் சுருண்டு கிடந்தான். "போனுக்கு எப்படி அடிமையாயிட்டான் பாருங்க" என்று தெருவெல்லாம் சொன்னீர்கள். பிடுங்கும்போது, அவன் சிநேகிதர்கள் முன்னால் கன்னத்தில் ஒன்று வைத்தீர்களே, அதை யாரிடமாவது சொன்னீர்களா?